கத்தோலிக்க நூலகத்துக்கு நிதி: நண்பர் வட்டமா, வைப்பு நிதியா, மானியமா?

குருமட நூலகம், துறவற சபையின் ஆவணக் காப்பகம், மறைமாவட்ட மையத்தின் இறையியல் நூலகம். இவற்றை நடத்துபவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பணத்துக்கு எங்கே போவது? ஒருவர் வெளிநாட்டு உதவி கேட்கலாம் என்பார். இன்னொருவர் ஒரு கார்ப்பஸ் ஃபண்டு, அதாவது வட்டியை மட்டும் எடுக்கும் வைப்பு நிதி, போட்டுவிட்டால் நிம்மதி என்பார். இளைய அருள்பணியாளர் யாராவது ஆன்லைனில் திரட்டிவிடலாம் என்பார். மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் மூன்றும் வெவ்வேறு செலவுக்கான பணம். அதைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் கூட்டம் முடிந்தாலும் முடிவு வருவதில்லை.

தமிழ்நாட்டில் உள்ள ஒரு நடுத்தர நூலகத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். வருமான வரிச் சட்டத்தின் பிரிவுகளைப் பழைய எண்களிலேயே சொல்கிறேன். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் வந்திருப்பதால் எண்களை ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, பணம் தொடர்செலவுக்கா, ஒருமுறைச் செலவுக்கா என்பது. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். நூலகர் சம்பளம் மாதம் ரூ.22,000 என்றால் ஆண்டுக்கு ரூ.2,64,000. பகுதிநேர உதவியாளருக்கு ரூ.72,000. மின்சாரமும் இணையமும் ரூ.48,000. இதழ்ச் சந்தா, பைண்டிங், கரையான் மருந்து எல்லாம் சேர்த்து ரூ.1,16,000. மொத்தம் 5 லட்சம். இது ஒவ்வோர் ஆண்டும் வரும். அட்டவணை தயாரிப்பது, பழைய நூல்களை ஸ்கேன் செய்வது, அலமாரி வாங்குவது இவையெல்லாம் ஒருமுறை வரும் செலவு. கொடுக்க முன்வருபவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நூலகத்தைக் காப்பாற்றுவது முதலாவது.

இரண்டாவது, உங்கள் அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்க விதிகளில் நோக்கம் என்று என்ன எழுதியிருக்கிறது என்பது. இதைப் படிக்காமலே நிதி திரட்டக் கிளம்புகிறவர்கள் நிறைய. ஒரு குறிப்பிட்ட சமயத்தாரின் நன்மைக்காக என்று எழுதப்பட்ட அமைப்புக்கு 80ஜி சலுகை (கொடுப்பவருக்கு வரிக் கழிவு) கிடைக்காது. கல்வி, ஆய்வு, பண்பாட்டுப் பாதுகாப்பு என்று பொதுநோக்கத்தோடு பதிவாகி, எல்லோருக்கும் திறந்திருக்கும் நூலகத்துக்கு வாய்ப்பு உண்டு. அதே புத்தகங்கள், அதே கட்டிடம்தான். பத்திரத்தின் ஒரு வரி எந்தெந்தக் கதவு திறக்கும் என்பதை முடிவு செய்துவிடும்.

மற்றவை: பணம் கைக்கு வர எவ்வளவு காலம் ஆகும், கொடுத்தவர் பதிலுக்கு என்ன எதிர்பார்ப்பார், அதற்காக உழைக்கப்போவது யார். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் “சிஸ்டர் பார்த்துக்கொள்வார்” என்றே பதில் வருகிறது. அவர் ஏற்கெனவே விடுதியையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

| வழி | எந்தச் செலவுக்கு | வரும் வேகம் | தேவையான பதிவு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| நண்பர் வட்டம் | தொடர்செலவு | சில மாதம் | 12ஏ (வரிவிலக்குப் பதிவு). 80ஜி இருந்தால் நல்லது | ரசீது, நினைவூட்டல், ஆண்டு மடல் |
| வைப்பு நிதி | தொடர்செலவு | பல ஆண்டு | 12ஏ, கொடுப்பவரின் கடிதம் | விலைவாசி, கைவைக்கும் ஆசை |
| வெளிநாட்டு நன்கொடை | பெரும்பாலும் ஒருமுறை | மெதுவாக | எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) | தணிக்கை, தனிக் கணக்கு |
| திட்ட மானியம் | ஒருமுறை | ஓர் ஆண்டுக்கு மேல் | மானியத்தைப் பொறுத்தது | திட்டம் முடிந்த பின் பராமரிப்பு |
| நிறுவன சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி) | ஒருமுறை | நிறுவனத்தின் விருப்பம் | சிஎஸ்ஆர்-1 படிவம் | சமய அடையாளம் தடையாவது |
| ஆன்லைன் திரட்டல் | அவசரம் | சில வாரம் | தளத்தின் விதி | கட்டணம், பிரச்சார உழைப்பு |

## நண்பர் வட்டம்

ஆண்டுக்கு ரூ.1,000 தரும் 500 பேர் இருந்தால் மேலே சொன்ன 5 லட்சம் வந்துவிடும். காகிதத்தில் எளிது. நடைமுறையில் 500 பேரைச் சேர்க்க இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம். சேர்ந்தவர்களைத் தக்கவைப்பது அதைவிடப் பெரிய வேலை. ஆனாலும் நூலகர் சம்பளத்துக்கு நம்பக்கூடிய பணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவர் விலகினால் ரூ.1,000தான் குறையும். ஒரே பெரிய நன்கொடையாளர் விலகினால் நூலகத்தையே பூட்ட வேண்டிவரும்.

யாரைக் கேட்பது? பங்கு மக்களை எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம். அந்த நூலகத்தில் உட்கார்ந்து படித்து குருக்களானவர்கள்தான் முதல் வரிசை. குருத்துவ வெள்ளிவிழா, பொன்விழா ஆண்டில் இருப்பவர்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதலாம். அடுத்தது அங்கே வந்து ஆய்வு செய்து பட்டம் வாங்கிய பேராசிரியர்கள். அவர்களில் கத்தோலிக்கர் அல்லாதவரும் கணிசமாக இருப்பார்கள். அப்புறம்தான் அன்பியங்கள் (பங்கில் உள்ள சிறு குழுக்கள்), ‘நம் வாழ்வு’ போன்ற இதழில் ஓர் அறிவிப்பு எல்லாம்.

எதைச் சொல்லிக் கேட்பது என்பதும் முக்கியம். “நூலகப் பராமரிப்புக்கு உதவுங்கள்” என்றால் யாருக்கும் கை நீளாது. 1679இல் கேரளத்தின் அம்பழக்காட்டில் அச்சான, இயேசு சபைக் குரு அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி தமிழறிஞர் தனிநாயக அடிகளின் கண்ணில் பட்டது வத்திக்கான் நூலகத்தில்; 1966இல் கோலாலம்பூரில் அவர் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். நம் மண்ணில் அச்சானதைப் பார்க்க ரோமாபுரிக்குப் போக வேண்டியிருந்தது என்று சொன்னால், உங்கள் அலமாரியில் இருக்கும் 19ஆம் நூற்றாண்டு ஜெபப் புத்தகத்தை ஏன் காக்க வேண்டும் என்பது கேட்பவருக்குத் தானே புரியும். அந்தப் புத்தகத்தின் படத்தோடு கேளுங்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் தந்த காணிக்கையை அதற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1267ஆம் சட்டம். “பழைய நூல்களின் பைண்டிங்குக்கு” என்று கேட்டு வாங்கிவிட்டால் அதிலிருந்து சம்பளம் கொடுக்க முடியாது. அதனால் படம் புத்தகத்தினுடையதாக இருக்கட்டும். கீழே “இதுபோன்ற நூல்களைக் காக்கும் நூலகத்தின் எல்லாத் தேவைகளுக்கும்” என்ற சொற்களும் இருக்கட்டும்.

இன்னொன்று, சட்டம் 1265. திருச்சபை நிறுவனங்களுக்காகத் தனியார் யாரும் நிதி கேட்பதற்கு அவரவர் மேலதிகாரியும் அந்தப் பகுதி ஆயரும் எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். ‘தனியார்’ என்பதில் தனி ஆட்களோடு சில அமைப்புகளும் அடங்கும். முன்னாள் மாணவர்கள் நல்லெண்ணத்தில் நோட்டீஸ் அடித்துப் பங்குகளில் விநியோகித்துவிட்டு, பிறகு ஆயரகத்திலிருந்து ஃபோன் வருவது நடக்கக்கூடியதுதான். ஒரு பக்கக் கடிதம் முன்கூட்டியே வாங்கிவிட்டால் வேலை சுலபம்.

80ஜி பற்றியும் மிகையான நம்பிக்கை வேண்டாம். பழைய வரிமுறையில் 30 சதவீத வரம்பில் இருப்பவர் ரூ.10,000 கொடுத்தால் பாதித் தொகைக்குத்தான் கழிவு, மிச்சமாவது ரூ.1,560. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவே கிடையாது. உங்கள் பக்கமோ, ஒவ்வொரு நன்கொடையாளரின் விவரத்தையும் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, அவருக்குச் சான்றிதழும் தர வேண்டும். 500 பேர் என்றால் 500 பான் எண். இதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

## வைப்பு நிதி

கேட்க இனிமையான வழி. ஒருமுறை திரட்டினால் போதும், வட்டியில் நூலகம் நடக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 5 லட்சம் வேண்டும், வைப்புத் தொகைக்கு 6.5 சதவீத வட்டி என்றால் சுமார் 77 லட்சம் தேவை. இது முழு வட்டியையும் செலவழிக்கும் கணக்கு. சம்பளமும் விலைவாசியும் ஏறிக்கொண்டே போக, நிதி அப்படியே நின்றால் பத்து ஆண்டில் அதே வட்டி பாதிச் செலவுக்குக்கூடக் காணாமல் போகலாம். வட்டியில் ஒரு பகுதியை நிதியிலேயே திரும்பச் சேர்த்து, ஆண்டுக்கு 4 சதவீதம் மட்டும் எடுப்பதென்றால் 1.25 கோடி வேண்டும்.

அவ்வளவு திரட்ட முடியாதவர்கள் இதைக் கைவிட வேண்டியதில்லை. ஒரே நிதியாகப் பார்க்காமல் நினைவு நிதிகளாகப் பிரிக்கலாம். பெற்றோர் நினைவாக 1 லட்சம், மறைந்த பேராசிரியர் நினைவாக அவருடைய மாணவர்கள் 3 லட்சம். ஒவ்வொன்றும் ஓர் இதழ்ச் சந்தாவையோ ஆண்டு பைண்டிங்கையோ தாங்கினால் போதும். குடும்பத்தாருக்கு மனநிறைவு, நூலகத்துக்குச் செலவில் ஒரு பகுதி என்றைக்கும் உறுதி.

கொடுப்பவரிடமிருந்து “இது கார்ப்பஸுக்கு” என்று எழுதி வாங்குவது கட்டாயம். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் வரிக் கணக்கில் அது அந்த ஆண்டின் சாதாரண வருமானம்; 85 சதவீதத்தை நற்பணிக்குச் செலவிட்டாக வேண்டும் என்ற விதிக்குள் வந்துவிடும். சட்டம் அனுமதித்த இடங்களில் மட்டும், கார்ப்பஸ் என்று தனியாகத் தெரியும்படி முதலீடு செய்ய வேண்டும்.

பெரிய ஆபத்து வரியும் அல்ல, வட்டி விகிதமும் அல்ல, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நூலகத்தின் 40 லட்சம் சபையின் பொதுக் கணக்கில் கிடக்கிறது. அந்த ஆண்டு பள்ளிக்கூடக் கட்டிடம் பாதியில் நிற்கிறது. “கடனாக எடுத்துக்கொள்வோம், அடுத்த வருடம் வைத்துவிடுவோம்.” சபையின் மாநிலத் தலைவர் மாறுவார், பொருளாளர் மாறுவார், கடன் மறந்துபோகும். தனி வைப்புக் கணக்கு, எழுதப்பட்ட விதிமுறை, வெளியாள் ஒருவராவது இருக்கும் சிறு குழு, ஆண்டுதோறும் நன்கொடையாளருக்கு இருப்புக் கணக்கு. இந்த நான்கும் இல்லையென்றால் வைப்பு நிதி தொடங்காதீர்கள் என்பதே என் கருத்து. விசுவாசிகள் விட்டுச்சென்ற விருப்பத்தைக் கவனமாக நிறைவேற்ற வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1300ம் சொல்கிறது. மேலதிகாரியிடம் பேசும்போது அதை எடுத்துக்காட்டலாம்.

## வெளிநாட்டு நன்கொடை

ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ எழுதினால் பணம் வரும் என்ற காலம் மலையேறிவிட்டது. எஃப்சிஆர்ஏ பதிவோ அரசின் முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டுப் பணத்தைத் தொட முடியாது. பதிவு கேட்க அமைப்புக்குக் குறைந்தது மூன்று ஆண்டு வரலாறும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நூலகர் சம்பளத்தில் எது நிர்வாகம், எது பணி என்ற கேள்வி இங்கே எழும். விண்ணப்பிக்கும் முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நூலகங்களைப் பாதித்தது மறுபகிர்வுத் தடை. முன்பு பதிவு உள்ள மறைமாவட்டச் சங்கம் ஒன்று பணம் வாங்கி, பதிவுள்ள இன்னோர் அமைப்புக்குத் தர முடிந்தது. இப்போது ஓர் அமைப்பு வாங்கியதை இன்னோர் அமைப்புக்கு மாற்ற முடியாது. நூலகம் தனி அறக்கட்டளை என்றால் தாய்ச் சபையின் எஃப்சிஆர்ஏ அதற்கு உதவாது; சபையின் ஓர் அங்கமாகவே இயங்கினால் உதவும். சுதந்திரமாக இருக்கட்டும் என்று நூலகத்தைத் தனி அமைப்பாகப் பிரிக்க நினைப்பவர்கள் இந்த விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தை வைப்பில் போட்டால் அதன் வட்டியும் வெளிநாட்டுப் பணமாகவே கருதப்படும். அதாவது கார்ப்பஸ் இருக்கும் காலம் வரை பதிவும் உயிரோடு இருக்க வேண்டும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். புதுப்பித்தல் மறுக்கப்பட்டால் பணம் முடங்கும். ஆகவே வெளிநாட்டுப் பணத்தில் வைப்பு நிதி வேண்டாம்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர் விஷயம் வேறு. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊரில் அடுத்த வீட்டில், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் தந்தால் ஆகும். நண்பர் வட்டப் படிவத்தில் பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பின்னால் வரும் தலைவலி குறையும்.

## திட்ட மானியம்

அரிய நூல்களும் கையெழுத்துப் படிகளும் இருக்கும் நூலகங்களுக்கு இது பொருந்தும். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் 2004 முதல் மின்வடிவாக்கத்துக்கு உதவுகிறது. அசல் உங்களிடமே இருக்கும்; படங்கள் உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிடப்படும். அமெரிக்காவின் மினசோட்டாவில் பெனடிக்ட் சபையினர் 1965இல் தொடங்கிய கையெழுத்துச் சுவடி நூலகம் கேரளத்தின் சிரியாக் சுவடிகளை மின்வடிவில் கொண்டுவந்திருக்கிறது. இரண்டுமே வெளிநாடு என்பதால் பணமாக வந்தால் எஃப்சிஆர்ஏ கேள்வி எழும். கேமராவாக வந்தாலும் எழும்.

உள்நாட்டில், 2003இல் தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கம் இப்போது ஞான பாரதம் என்ற பெயரில் தொடர்கிறது. கையால் எழுதியதற்குத்தான் இடம். அச்சு நூல் அதில் சேராது. உங்களிடம் ஓலையில் எழுதிய ஞானோபதேசப் படிகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

2012இல் வத்திக்கான் நூலகமும் ஆக்ஸ்போர்டின் பாட்லியனும் சேர்ந்து பொலான்ஸ்கி அறக்கட்டளையிடமிருந்து 20 லட்சம் பவுண்டு பெற்றன. எபிரேய, கிரேக்கச் சுவடிகள், 15ஆம் நூற்றாண்டு அச்சு நூல்கள் என்று தேர்ந்தெடுத்த தொகுதிகளின் 15 லட்சம் பக்கங்களை மின்வடிவாக்குவதற்கான தொகை அது. வத்திக்கானுக்கே குறித்த வேலைக்குத்தான் பணம் கிடைக்கிறது, நமக்கும் அப்படித்தான். மானியம் முடிந்த மறுநாள் ஸ்கேன் செய்த கோப்புகளைச் சேமிக்க, இரண்டாம் படி எடுக்க, சில ஆண்டுக்கு ஒருமுறை ஹார்ட் டிஸ்க் மாற்றப் பணம் வேண்டும். அந்தச் செலவு உங்கள் தொடர்செலவில் நிரந்தரமாக ஏறிவிடும்.

## சிஎஸ்ஆர், ஆன்லைன், விற்பனை

நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பண்பாட்டுப் பாதுகாப்பும் பொது நூலகம் அமைப்பதும் இருக்கின்றன. சமயப் பணி இல்லை. குருமட மாணவர்களுக்கு மட்டுமான நூலகம் என்றால் விண்ணப்பிக்கவே வேண்டாம். ஊர் மாணவர்களுக்கும் திறந்த வாசிப்புக் கூடம் கட்டுகிறீர்கள் என்றால் அந்தக் கூடத்துக்கு மட்டும் கேட்கலாம்.

மிலாப், கெட்டோ போன்ற தளங்கள் உடனடி நெருக்கடிக்கு உதவும். மழையில் கூரை இடிந்தது, புத்தகங்கள் நனைந்தன என்றால் மக்கள் தருவார்கள். சந்தா பாக்கி என்றால் தரமாட்டார்கள். பணப் பரிமாற்றக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போக எவ்வளவு வரும் என்பதை முதலிலேயே பாருங்கள்.

ஒரே நூலின் மூன்றாம் நான்காம் பிரதிகளை விற்பது சரி. அரிய நூலை விற்று மற்றவற்றைக் காப்பாற்றலாம் என்ற யோசனைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். வரலாற்று மதிப்புள்ள பொருளை விற்கத் திருப்பீடத்தின் (வத்திக்கானின்) அனுமதி வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1292. 75 ஆண்டு கடந்த, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படிகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது.

## எந்த நிலைமைக்கு எது

நூலகர் சம்பளமே இழுபறியாக இருந்தால் நண்பர் வட்டம் மட்டும். வேறு எதிலும் நேரத்தைச் செலவிடாதீர்கள். கூடவே சபையின் ஆண்டு பட்ஜெட்டில் நூலகத்துக்கென்று ஒரு வரி, சிறு தொகையாவது, கேட்டு வாங்குங்கள். சொந்த வீட்டார் ஒன்றும் தராத இடத்துக்கு வெளியார் தர யோசிப்பார்கள். ஆனால் முழுக்கச் சபையையே நம்பவும் வேண்டாம். 1614இல் வேர்கொண்ட, இயேசு சபையின் ஹீத்ரோப் கல்லூரி லண்டனில் மூடப்பட்டபோது அதன் பெரிய இறையியல் நூலகத்துக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

சம்பளம் ஓடுகிறது, ஆனால் அரிய நூல்கள் உதிர்கின்றன என்றால் திட்ட மானியம். அதற்கு முன் குறைந்தபட்சம் ஒரு பட்டியலாவது தயாராக இருக்க வேண்டும். கோஹா போன்ற இலவச மென்பொருளில் பட்டியல் போட்டுவைத்தால் விண்ணப்பத்தின் பாதி வேலை முடிந்த மாதிரி.

நூலகத்துக்கு நூறாண்டு நெருங்குகிறது, முன்னாள் மாணவர்கள் நல்ல நிலையில் இருக்கிறார்கள் என்றால் வைப்பு நிதிக்கு அதைவிட நல்ல நேரம் வராது. விழா மலருக்கும் பந்தலுக்கும் ஆகும் செலவில் பாதியை அங்கே திருப்ப முடியுமா என்று விழாக் குழுவிடம் கேட்டுப் பாருங்கள்.

## பணத்துக்குப் பதில் புத்தகம்

நிதி கேட்கப் போகும் இடத்தில் பாதிப் பேர் சொல்வது இது: “பணம் இல்லை ஃபாதர், அப்பாவின் புத்தகங்கள் முழுவதும் தருகிறேன்.” மறுப்பது கஷ்டம். வாங்கினால் தூசு தட்டி, பூச்சி பார்த்து, பட்டியலிட்டு, அலமாரி வாங்கி வைக்க வேண்டும். அதில் முக்கால்வாசி உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். எதை எடுப்போம், மீதியை என்ன செய்வோம் என்று ஒரு பக்க விதி எழுதி, வாங்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். எடுத்துக்கொள்ளும் தொகுப்புக்கு அலமாரிச் செலவையும் சேர்த்துத் தர முடியுமா என்று அப்போதே கேட்கலாம். அப்பாவின் பெயர்ப் பலகையோடு அலமாரி நிற்கும் என்றால் குடும்பங்கள் யோசிப்பார்கள். அப்படி வருகிறவர்களை அதே வாரம் நண்பர் வட்டத்திலும் சேர்த்துவிட வேண்டும்.